பாமர ரசிகனின் தீர்ப்பு

"அப்பா முதல் சீன்ல இருமுனார்னா, இடைவேளைக்குள்ள அவரை அனுப்பிடுவாங்க சார். போறவர் சும்மா போறாரா? கால் மணி நேரம் அறிவுரை சொல்லிட்டுத்தான் போறார். மூச்சு விட முடியாதவருக்குப் பேச மட்டும் எப்படி முடியுது?"

சலூன்காரர் கத்தரியை நிறுத்தாமல் பழைய படங்களைக் கிழித்துக்கொண்டிருந்தார். கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்திருந்த டைரக்டருக்குப் புல்லரித்தது. என் மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறாரே, இவரல்லவா ரசிகர் என்று நினைத்துக்கொண்டார்.

டைரக்டர் அதுவரை எடுத்த இரண்டு படங்களும் ஊத்திக்கொண்டன. இரண்டும் பத்திரிகை விமர்சகர்களின் பேச்சைக் கேட்டு எடுத்தவை. மூன்றாவது படத்தைத் தயாரிக்க முன்வந்தவர் மனைவியின் அண்ணன். இதுவும் போச்சென்றால் பேசாமல் நம்ம டைல்ஸ் கடையில் வந்து உட்கார்ந்துவிடுங்கள் மாப்பிள்ளை என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தாலே டைரக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் இந்த முறை, டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கிற சாதாரண ஆளின் பேச்சை மட்டுமே கேட்பது என்று முடிவு செய்திருந்தார். மாதம் ஒருமுறை முடிவெட்ட வரும் சலூனிலேயே அப்படி ஓர் ஆள் இருந்தது அதிர்ஷ்டம். தான் டைரக்டர் என்று அவரிடம் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால் மரியாதை வந்துவிடும், உண்மை போய்விடும்.

"புதுப்படம் மட்டும் என்ன வாழுது?" என்றார் சலூன்காரர். "ஹீரோ கார்ல இருந்து இறங்கி வாசலுக்கு நடக்க அஞ்சு நிமிஷம். அதுக்கு ஆயிரம் மேளம். நம்ம காது கிழியக் கிழிய நடந்து போறான். கடைசியில பார்த்தா கதவு பூட்டியிருக்கு."

இன்னும் நிறையச் சொன்னார். பாட்டு வந்தால் ஜனம் வெளியே போகிறது என்றார். சண்டையில் ஒருத்தன் உதை வாங்கி முடிக்கும்வரை மற்ற ஒன்பது பேரும் ரேஷன் கடைபோல வரிசையில் நிற்கிறார்கள் என்றார். காமெடியைப் பார்த்துச் சிரிப்பது காமெடியன் மட்டும்தான் என்றார். டைரக்டரும் ஒவ்வொரு மாதமும் ஆமாம் போட்டு, தன் பங்குக்கு இரண்டு குறை சொல்லிவிட்டு வருவார்.

டைரக்டர் வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டார். ஒரு மாதம் பாட்டுகள் போயின. அடுத்த மாதம் சண்டை. அப்புறம் காமெடி. அப்பா முதல் காட்சிக்கு முன்பே இறந்துபோனார். கடைசியில், ஒருவன் ஓர் அறையில் இரண்டு மணி நேரம் யோசிப்பதுதான் படமாக மிஞ்சியது. முதலில் போட்டுக் காட்டியபோது, இடைவேளையில் மைத்துனர் மெதுவாகக் கேட்டார். "இன்னும் ஆரம்பிக்கலையா மாப்பிள்ளை?"

படம் வெள்ளிக்கிழமை வந்தது, ஞாயிற்றுக்கிழமை போனது. திங்கட்கிழமை காலையில், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்பதற்காக டைரக்டர் சலூனுக்குள் நுழைந்தார்.

நாற்காலியில் ஒரு பெரியவர் இருந்தார். சலூன்காரர் அவருடைய காதோரம் சீப்பை ஓட்டியபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாட்டு இல்லாதது ஒரு படமாய்யா? அந்தக் காலத்து அப்பா சாகும்போது ஒரு வார்த்தை சொல்வார் பாருங்க, தியேட்டர்ல மூக்கு சிந்தாத ஆள் இருக்காது."

பெரியவர் கண்களை மூடிச் சொக்கிப்போயிருந்தார்.

அவர் எழுந்து போகும்வரை டைரக்டர் பொறுத்திருந்தார். பிறகு, என்னிடம் இத்தனை நாளாய் வேறு மாதிரி சொன்னீர்களே, உண்மையில் உங்கள் கருத்துதான் என்ன என்று கேட்டார்.

சலூன்காரர் துணியை உதறிக்கொண்டே சிரித்தார்.

"எனக்கேது சார் கருத்து? நான் தியேட்டர் பக்கம் போயே பதினெட்டு வருஷம் ஆச்சு. கஸ்டமர் போன மாசம் பேசினதை இந்த மாசம் திருப்பிச் சொல்வேன், அவ்வளவுதான். அவர்கிட்ட அவர் சொன்னது, உங்ககிட்ட நீங்க சொன்னது."