ஆட்டுக்கு அடுத்தபடியாக

வாக்குச்சீட்டுகளை மூன்றாம் முறையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "நீங்கதான் மறுபடியும் மேயர், ஆர்வில்," என்றேன்.

ஆர்வில் யாடன் நகரமன்றச் சாவியை என் மேஜைமேல் வைக்கப் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

வாசலில் அவருடைய பெரிய வேன் நின்றது. உள்ளே படுக்கை, அடுப்பு, இரண்டு மடக்கு நாற்காலி. குளிர்காலம் முழுக்க அரிசோனா வெயிலில், அவரும் மனைவி வெர்னாவும் மட்டும்.

இருபது வருடம் எங்களை மேய்த்தது போதும் என்று மார்ச்சிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நகரமன்றப் பக்கம் அதிகம் வராமல் வீட்டோடுதான் இருந்தார். வெர்னாவின் மசாலா டப்பாக்களை அகரவரிசையில் அடுக்கினார். முட்டை வேகும்போது கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றார்.

அவர் இடத்துக்கு ஒருவரும் மனு போடவில்லை. சாக்கடை அடைப்புக்கும் நாய்ச் சண்டைக்கும் பஞ்சாயத்து பண்ண யாருக்கு ஆசை? வாக்குச்சீட்டில் வெறும் கோடுதான் இருந்தது. பிடித்த பெயரை அவரவரே எழுதிக்கொள்ளலாம்.

நூற்றுப் பன்னிரண்டு பேர் ஓட்டுப் போட்டோம். நூற்றுப் பதினொரு பேர் லண்ட்கிரன் வீட்டு ஆட்டின் பெயரை எழுதியிருந்தார்கள். அதில் ஒன்று என்னுடையது. ஒன்று தன்னுடையது என்று ஆர்விலே ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

ஆடு பதவி வகிக்கச் சட்டத்தில் இடமில்லை. மிச்சம் ஒரே ஒரு சீட்டு. அதில் ஆர்விலின் பெயர், கடைசி எழுத்தின் வால் மூன்று சுற்றுச் சுருண்டு.

"அந்தச் சீட்டக் காட்டு, மார்லிஸ்! எந்தப் பாவி எழுதினதுன்னு பாத்தே ஆகணும்!"

நகரமன்ற எழுத்தர் நான், காட்ட முடியாது என்றேன். ரகசிய வாக்கு. கவர்னரே வந்து நின்றாலும் இதே பதில்தான்.

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. பதவி வேண்டாம் என்று எழுதித் தருகிறேன், பேனா கொடு என்றார்.

அதற்குள் வெர்னா வேனிலிருந்து இறங்கி வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"யாரோ ஒருத்தர் உங்கள நம்பி எழுதியிருக்காங்க. அவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி வேணாம்னு சொல்லலாமா?"

ஆர்வில் வெகுநேரம் ஜன்னல் வழியே வேனைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். தன் பெட்டியை இறக்க வெளியே போனார்.

என் காலைச் சாப்பாடு மேஜையிலேயே கிடந்தது. இரண்டு ரொட்டி, ஒரு ஜாடி பிளம் ஜாம். கிறிஸ்துமஸுக்கு வெர்னா ஊரில் வீட்டுக்கொரு ஜாடியாகக் கொடுக்கிற ஜாம். ஒவ்வொரு ஜாடியிலும் அவளே கைப்படப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டுவாள், கடைசி எழுத்தின் வாலை மூன்று சுற்றுச் சுருட்டி.

ஆர்வில் திரும்பி வருவதற்குள் ஜாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

வெர்னா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இந்த வருஷம் உனக்கு ரெண்டு ஜாடி," என்றாள்.