பெட்ரோல் முள் சொன்ன மணி

பழைய கார் ஒன்றின் டேஷ்போர்டில் இருந்த கடிகாரம் நின்றுபோய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. காரின் மற்ற பாகங்களுக்கு நேரம் சொல்ல ஆளில்லாததால், பக்கத்திலிருந்த பெட்ரோல் முள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. சீட்டில் வெயில் விழும் இடத்தைப் பார்த்து, "பத்து பத்தரை இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்லும். எல்லோரும் தன்னை மதித்துக் கேட்பது அதற்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் மெக்கானிக் கடிகாரத்தைக் கழற்றி, ரிப்பேர் செய்து, மறுபடி மாட்டிவிட்டுப் போனார். டிக் டிக் சத்தம் கேட்டதும் முள்ளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் இனி தன்னிடம் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தபோது மனசு வாடியது.

மறுநாள் காலை, வைப்பர் பழைய வழக்கப்படியே, "முள்ளண்ணே, மணி என்ன?" என்றது.

முள் கடிகாரத்தைப் பார்த்தது.

"உங்களைத்தான் கேக்குறான், சொல்லுங்கண்ணே" என்று கடிகாரம் கிசுகிசுத்தது. "பத்து இருபத்திமூணு."

முள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பத்து மணி இருபத்திமூணு நிமிஷம்" என்றது.

"என்னண்ணே, இன்னிக்கு நிமிஷமெல்லாம் சொல்றீங்க?"

"தம்பி வந்துட்டான்ல" என்றது முள். "இனிமே அவன்கிட்டயே கேளு."