ஒன்பது சுழிகள்

படகு மறுபடியும் வலப்பக்கம் ஒதுங்கியது.

பக்கத்தில் விசைப்படகில் நின்றபடி அவள் பல்லைக் கடித்தாள். ஒரு வாரமாக இதே கூத்து. நூல் பிடித்த மாதிரி போக வேண்டிய டிராகன் படகு, சக்கரம் கோணிய பேரங்காடித் தள்ளுவண்டி மாதிரி ஓரம் கட்டுகிறது. மலேசியப் பெண்கள் அணிக்கு அவள்தான் பயிற்சியாளர். படகு கோணினால் ஊர் சிரிப்பது யாரைப் பார்த்து?

சுக்கான் பிடிக்கும் சியூ பெங்கை எல்லோர் முன்னாலும் திட்டியாயிற்று. துடுப்புப் போடும் இருபது பேரையும் எடை பார்த்து, இடம் மாற்றி உட்கார வைத்தாயிற்று.

சியூ பெங் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அதுதான் உறுத்தியது. அந்த வாயாடி எப்போது சும்மா இருந்திருக்கிறாள்?

அடுத்த வாரம் வெளிநாட்டுப் போட்டிக்கு விமானம். போகிறவர்களின் பெயர்களை இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

ஒலிபெருக்கியை எடுத்தாள். வலப்பக்கம் மட்டும் துடுப்புப் போடச் சொன்னாள்.

பத்துத் துடுப்புகள் ஒன்றாக இறங்கின. ஒன்றாக எழுந்தன. பார்க்க அத்தனை அழகு.

அவள் துடுப்புகளைப் பார்க்கவில்லை. அவை விட்டுப்போன தண்ணீரைப் பார்த்தாள். இழுத்த துடுப்பு தண்ணீரில் ஒரு சுழியை விட்டுப் போகும். சும்மா தொட்டு எடுத்த துடுப்பு விடாது.

ஒன்பது சுழிகள்.

மறுபடி எண்ணினாள். மூன்றாவது இடத்தில் தண்ணீர் அப்படியே கிடந்தது.

தர்ஷாயினி.

ஐயோ, நீயா.

போன தடவை மாற்று ஆளாகப் போய், கடைசிவரை கரையிலேயே உட்கார்ந்திருந்தவள். இந்தத் தடவைதான் முதுகில் பெயர் போட்ட சட்டை கிடைத்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

வலது தோளில் காயமாகத்தான் இருக்கும். இப்படியே இன்னும் இழுத்தால் கையே போய்விடும். சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்னால் அனுப்ப மாட்டார்கள் என்று தெரியாதவளா என்ன?

இப்போது எல்லாம் தெரிந்தது. தர்ஷாயினிக்குப் பின்னால் இருப்பவளின் சுழி ஏன் அவ்வளவு பெரிதாக விழுகிறது என்று தெரிந்தது. சியூ பெங் ஏன் உடம்பு முழுவதையும் சுக்கானில் சாய்த்து நிற்கிறாள் என்றும் தெரிந்தது.

படகு முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டும் தெரியவில்லை.

கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு படகைக் கரைக்கு விடச் சொன்னாள்.

படகுத்துறையில் அவள் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. துடுப்பை யாரும் போட்டுவிட்டுப் போகக் கூடாது. படகில் நின்று, மேலே மேடையில் இருக்கும் அவள் கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அதுவும் வலது கையால். இடது கையால் நீட்டினால் வாங்கவே மாட்டாள்.

முதலில் வந்த ஹஸ்லிந்தா இடது கையால் நீட்டினாள்.

அவள் முறைத்தாள். ஹஸ்லிந்தா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்தவளும் இடது கை. அதற்கடுத்தவளும். துடுப்பே பிடிக்காமல் படகில் தாளம் தட்டும் முரசுக்காரிகூட தன் குச்சிகளை இடது கையால் நீட்டினாள்.

அடிக் கழுதைகளா. எப்போது பேசி வைத்துக்கொண்டீர்கள்?

ஒருத்தியை மறைக்க அத்தனை பேரும் மரியாதை கெட்டவர்களாக நின்றார்கள். அவள் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினாள்.

கடைசியாக தர்ஷாயினி வந்தாள்.

துடுப்பு அவளுடைய இடது கையில்தான் இருந்தது. நிமிர்ந்து பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு துடுப்பை வலது கைக்கு மாற்றினாள்.



கை இடுப்புவரை வந்தது. நெஞ்சுவரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. முகம் வெளுத்துவிட்டது. வாய் மட்டும் சிரிக்கப் பார்த்தது.

"குடுத்துருவேன், கோச். ஒரு நிமிஷம்."

பயிற்சியாளர் ஈர மேடையில் மண்டியிட்டாள். குனிந்து, அந்தக் கை நின்ற இடத்துக்கே தன் கையைக் கொண்டுபோனாள்.

"போதும்மா."

துடுப்பை வாங்கிக்கொண்டாள். அதை மட்டும் மற்றவற்றோடு அடுக்க மனம் வரவில்லை.

தர்ஷாயினி படகிலேயே நின்றாள்.

"சட்டையயும் திருப்பிக் குடுத்துரணுமா, கோச்?"