ஒரு பழமாவது

மாம்பழம் அழுக வேண்டுமென்று திருமலைக்கு நடந்தே ஏறி வேண்டிக்கொண்டவள், பங்காருபாளையத்திலேயே ஸ்வர்ணலதா ஒருத்திதான். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

பூச்சு தடவி வைத்த இருபதாம் நாள், மாம்பழக் கூடையைத் திறந்த புருஷன் முனிகிருஷ்ணன் துள்ளிக் குதித்தான்.

“ஒண்ணுகூட அழுகல, ஸ்வர்ணா! உன் பூச்சு ஜெயிச்சிடுச்சி!”

“இது என் பூச்சு இல்லீங்க. பழம் பளபளன்னு இருக்கட்டும்னு எப்பவோ ஒரு புஸ்தகத்துல போட்டிருந்த பழைய பூச்சு.”

“அதனால இன்னா?”

“பழத்தைக் கெடாம வெக்கிற குணம் அதுலயே இருந்திருக்கும், அப்போ யாரும் கவனிக்கல, நான் கண்டுபுடிச்சது புதுசு இல்லன்னு சொல்லி காப்புரிமை ஆபீஸ்ல எனக்கு உரிமை தர மாட்டேன்னுட்டாங்க. இதுல ஒரு பழம் அழுகியிருந்தாக்கூட பழைய பூச்சுல அந்தக் குணம் எப்பவும் இருக்கறதில்லன்னு அப்பீல்ல காட்டியிருப்பேன்.”

முனிகிருஷ்ணன் மறுபடியும் குனிந்து, ஒவ்வொரு பழமாகப் புரட்டி, அழுகலைத் தேடத் தொடங்கினான். வீடெல்லாம் மாம்பழம் மணத்தது.