ஒரு கரண்டி தயிர்

“காலையில காபி வேண்டாம்னே. இப்போ தயிரும் வேண்டாமா? உனக்கு என்னதான்பா வேணும்?”

கரண்டியில் தயிரோடு நின்றாள் சாருலதா. அப்பா சீதாராமன் தட்டின் மேல் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து மறைத்துக்கொண்டார்.

“நக்கோ. ரசத்தோட போதும்.”

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். வேண்டாம் என்பதை மட்டும் ஹைதராபாத் பாஷையில்தான் சொல்வார். சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது.

சாருலதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மனிதர் எத்தனை நாள்தான் முறுக்கிக்கொண்டு திரிவார்?

ஆரம்பித்தது அவள்தான். ஆபீஸில் யாரோ வந்து பேசியதைக் கேட்டு, நாலு மாதம் முன்பு வீகனாக மாறினாள். பால், தயிர், நெய் எதுவும் கூடாது. தான் மாறியதோடு நின்றிருக்கலாம். வீட்டையே மாற்றக் கிளம்பினாள்.

“பசு வந்து உங்கிட்ட கேஸ் குடுத்துதாடி?” என்று குதித்தார் அப்பா. சோயா பால் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, போஸ்டர் ஒட்டுகிற பசை என்றார். தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டார். அம்மா கல்பகம் இரண்டு சமையல் செய்து ஓய்ந்துபோனாள். காசி யாத்திரைக்குக் கிளம்பிய அன்றுகூட அப்பா மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

காலி வீட்டில் மூன்று நாள் தனியாகச் சாப்பிட்டதுமே அவளுக்கு உறைத்துவிட்டது. அப்பாவைவிடக் கொள்கை பெரிதா? திரும்பி வந்ததும் அசத்தலாம் என்று போனில்கூடச் சொல்லவில்லை. நேற்றே பால் வாங்கிக் காய்ச்சி உறை ஊற்றினாள். இன்று காலை செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து அழைத்துவந்த கையோடு கள்ளிச்சொட்டாகக் காபி கலந்து நீட்டினாள். அப்பா டம்ளரை நகர்த்திவிட்டார். இப்போது அதிசயமாக அவள் பக்கத்திலேயே சாப்பிட உட்கார்ந்தார். ஆனால் தயிருக்கும் அதே கதி.

“சாரு, அவரைக் கட்டாயப்படுத்தாதே. நான் சொல்றதை...” என்று ஆரம்பித்தாள் அம்மா.

“நீ சும்மா இரும்மா! அப்பா, வீகனையெல்லாம் மூட்டை கட்டியாச்சு. போன வாரமே கேன்டீன்ல தயிர்சாதம் சாப்பிட்டுட்டேன். நீதான் ஜெயிச்சே, போதுமா? இனிமேலாவது முறைச்சுக்காம சாப்பிடேன்!”

வாய்க்குக் கொண்டுபோன ரசம்சாதத்தோடு சீதாராமனின் கை அப்படியே நின்றது. மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

கல்பகம் தலையில் அடித்துக்கொண்டாள்.

“இதைப் போன்ல சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி? கயாவுல சிராத்தம் பண்ணினா, ஏதாவது ஒண்ணை ஆயுசுக்கும் சாப்பிடறதில்லைன்னு விட்டுட்டு வரணும். ஊர்ல எல்லாரும் பாகற்காயை விடுவா. இந்த மனுஷன், பொண்ணோட ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும்னு, பாலையும் தயிரையும் விட்டுட்டு வந்திருக்கார்!”