'எங்கை' எண்டு கேக்கப்படாது

இது வசீகரன் அண்ணை எனக்குச் சொன்னது. அந்த வள்ளத்தில் நான் இருக்கவில்லை. அவர் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதப் பார்க்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

வசீகரன் அண்ணை சுவிஸிலிருந்து விடுமுறையில் வந்தவர். திரும்பிப் போவதற்கு முதல்நாள், அம்மாவோடும் மனைவி கோசலாவோடும் ஒருநாள் முழுக்கக் கடலில் சுற்ற ஆசைப்பட்டார். சுருவில் கரையில் மீன்பிடிக்கிற குருசுமுத்துவின் வள்ளத்தை வாடகைக்குப் பிடித்தார். நயினாதீவைச் சுற்றிக்கொண்டு பின்னேரம் திரும்புவதாகப் பேச்சு.

கரைக்கு வந்ததும் அம்மா சறோஜினிதேவி நின்றுவிட்டார்.

"நான் வரேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ."

"நாளைக்கு நான் பிளேன் ஏறுறன் அம்மா. இண்டைக்கும் வராட்டில் எப்ப வரப்போறியள்?"

"எனக்குக் கடலெண்டால் பயம்."

"தீவிலை பிறந்து வளந்த உங்களுக்குக் கடல் பயமோ?"

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. குருசுமுத்துவின் மனைவி மேரிசுகந்தி அவரை நிழலுக்குக் கூட்டிப்போய்க் கதைத்தார். பிறகு வந்து புருசனின் காதில் ஏதோ சொன்னார்.

"ஏறுங்கோ அக்கா. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் குருசுமுத்து.

அம்மா ஏறினார்.

வள்ளம் வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போயிருக்கும்.

"முதல்லை எங்கை போறம், அண்ணை?" என்று கேட்டார் வசீகரன்.

குருசுமுத்து எஞ்சினை நிறுத்தினார்.

"கேட்டிட்டியளே, தம்பி."

"என்னத்தை?"

"கடலிலை வைச்சு 'எங்கை' எண்டு கேக்கப்படாது. கேட்டால் கரைக்குத் திரும்பிப் போய்த்தான் பிறகு வெளிக்கிடோணும். வள்ளத்திலை வந்த மூத்த பொம்பிளை எங்கடை வீட்டிலை கால் கழுவிப்போட்டு வரோணும்."

"இதென்ன விசர்க்கதை?"

"விசரோ என்னவோ, கடல் விடாது."

வள்ளம் திரும்பியது. அம்மா இறங்கிப் போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்த முறை கோசலா கவனமாகத்தான் கேட்டார். "அங்கை தெரியிறது நயினாதீவுக் கோபுரமோ?"

எஞ்சின் நின்றது.

"நான் 'எங்கை' எண்டு கேக்கேல்லையே. 'அங்கை' எண்டெல்லோ சொன்னனான்."

"'அங்கை'யும் 'எங்கை'யும் ஒரு குடும்பம்தான், தங்கச்சி."

மறுபடியும் கரை. மறுபடியும் கால் கழுவல்.

"இனி ஒருத்தரும் வாய் திறக்கப்படாது" என்று கட்டளை போட்டார் வசீகரன். சோதனை எழுதுகிற மண்டபம் மாதிரி எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகத் தொடங்கியது.

"அது சரி தம்பி, இப்ப நாங்கள் எங்கை போறம்?"

கேட்டது குருசுமுத்து.

"அண்ணை, அது நீங்களே கேட்டது. கணக்கில்லை."

"ஓட்டியெண்டு கடல் பாவம் பாக்குமே?" என்று சொல்லிக்கொண்டே வள்ளத்தைத் திருப்பினார்.

"எரியிற எண்ணெய்க்கு நான் காசு தரமாட்டன்."

"வேண்டாம். பிழை என்ரை வாயிலை."

அன்று முழுவதும் இதே கூத்துத்தான். கொண்டுபோன புட்டையும் நண்டுக்கறியையும் கரைக்குக் கிட்ட, நடுக்கடலும் இல்லாத கரையும் இல்லாத ஓரிடத்தில் நங்கூரம் போட்டுச் சாப்பிட்டார்கள். நயினாதீவுக்குப் போய்ச் சேரவே இல்லை.

"முழுநாள் வாடகை குடுத்துப்போட்டு, அந்த மனிசன்ரை வீட்டுக் கொடியிலை காயிற சாறத்தைப் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார் வசீகரன் அண்ணை. "அம்மாவுக்கு மட்டும் ஒரே சிரிப்பு. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி இருந்தவ. ஆனால் இந்தச் சனம் திருந்தாது. கையிலை புதுப் போன் வைச்சிருக்கினம், மூளையிலை மூடநம்பிக்கை."

நானும் ஓம் என்று தலையாட்டினேன். நாலு எழுத்துப் படித்துவிட்டோம் என்ற நினைப்பு.

ஆனாலும் எழுத உட்கார்ந்தபோது பயம் வந்தது. இல்லாத வழக்கத்தை எழுதி ஓர் ஊரைக் கேலி செய்துவிட்டால்? அதனால் சுருவிலுக்குப் போனேன். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அப்பிடிப் பாத்தால் நாங்கள் ஒரு நாளும் மீன் பிடிக்க ஏலாது" என்றார்.

மேரிசுகந்தி அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

"அப்பிடியொரு வழக்கமும் இல்லை, பிள்ளை" என்றார். "நானே நாள்தோறும் 'எங்கை போறியள்' எண்டு கேட்டுத்தான் மனிசனுக்குச் சோறு கட்டுறனான்."

"அப்ப அண்டைக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த அக்காவுக்குச் சலரோகம். கொஞ்ச நேரமும் மூத்திரத்தை அடக்க ஏலாது. மகனுக்கும் மருமகளுக்கும் முன்னாலை சொல்ல வெக்கம். அதுதான் வரேல்லை எண்டு அழுதவ. பழி கடலிலை கிடக்கட்டும் எண்டு இந்த மனிசன்தான் அந்த வழக்கத்தைக் கட்டினவர். அவ ஒவ்வொருக்காலும் கால் கழுவப் போனது எங்கடை கக்கூசுக்கு."