இன்ஸ்பெக்டர் கனகசுந்தரத்தின் கடைசி ஞாயிறு

இன்ஸ்பெக்டர் கனகசுந்தரம் இன்றைக்குச் செத்துவிடக் கூடாது என்று மாரியாயி, தேயிலைத் தோட்டத்து அம்மனிடம் நேர்ந்துகொண்டாள்.

வானொலி நாடகத்தில் துப்பறிகிற கிழவருக்கு யாராவது நேர்த்திக்கடன் வைப்பார்களா? வைப்பார்கள், கிழவராகப் பேசுகிறவன் வயிற்றில் சுமந்த பிள்ளையாக இருந்தால்.

வீரசிங்கம் அவளுடைய ஒரே மகன். தோட்டத்தில் கூலியாகப் பேர் பதிந்த மறுநாளே தேயிலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கொழும்புக்கு ஓடினான். கூத்தாடப் போனவன் எனக்குப் பிள்ளையே இல்லை என்று அவள் புருஷன் இராமையாக் கங்காணி அன்றைக்கே மகனைத் தலைமுழுகினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பெயரைச் சொல்ல வாயில்லை.

சில வருஷம் கழித்து, இப்றாஹீம் நானாவின் கடைக்குக் கருவாடு வாங்கப் போனபோது வானொலியில் அவன் குரல் கேட்டது. பெயரை மாற்றியிருந்தான். பேச்சையும் யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர் பேச்சாக மாற்றியிருந்தான். பெற்றவளை ஏமாற்ற அது போதுமா?

இருபத்தாறு வயதுப் பயல், பென்ஷன் வாங்கப் போகும் இன்ஸ்பெக்டராக இருமினான், முனகினான், கள்ளனைப் பிடித்தான். மகன் கிழவனானால் எப்படிப் பேசுவான் என்று கேட்கும் பாக்கியம் எத்தனை தாய்க்குக் கிடைக்கும்? அவளுக்கு ஞாயிறுதோறும் கிடைத்தது.

யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. தெரிந்தால் கங்காணி கடைப்பக்கமே போக விடமாட்டார். அவரோ ஞாயிறு தவறாமல் தானும் வந்து பின் பெஞ்சில் உட்கார்வார், வெற்றிலையை மென்றபடி, மலையைப் பார்த்தபடி. கங்காணிக்குத் துப்பறியும் கதை என்றால் பைத்தியம் என்று லயத்து வீடுகளெல்லாம் கேலி பேசும். அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கேட்பாள்.

இன்றைக்குக் கடைசி நாடகம். நடுவில் நின்றுவிடக் கூடாதென்று நானா பதுளைக்கு அனுப்பி வானொலிப் பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். கடை வாசல் நிறைந்திருந்தது.

நேர்த்தி பலிக்கவில்லை. ஓய்வு பெறுவதற்கு முதல்நாள், பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றைக் காப்பாற்றப் போன கனகசுந்தரம் மார்பில் குண்டு வாங்கினார். வெகுநேரம் மூச்சு இழுத்தது. சின்ன வயதில் குளிர்காய்ச்சல் வந்தபோது மகனுக்கு இப்படித்தான் இழுத்தது. மூச்சு நின்றதும் வானொலியில் வயலின் வாசித்தார்கள்.

பக்கத்து லயத்து ரெங்கம்மாதான் முதலில் ‘ராசா’ என்று இழுத்தாள். விளையாட்டுக்குத் தொடங்கியது விளையாட்டாக நிற்கவில்லை. பெண்கள் சாவு வீட்டில் போலவே வட்டமாகக் குந்தி, தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்.

மாரியாயி மட்டும் அழவில்லை. உயிரோடிருக்கும் பிள்ளைக்குத் தாய் ஒப்பாரி வைத்தால் அது பலித்துவிடும் என்பார்கள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னக்கா, ஒங்களுக்கு நெஞ்சா கருங்கல்லா?” என்றாள் ரெங்கம்மா.

நானா வானொலிப் பெட்டியை நிறுத்தினார். வழக்கம்போலக் கங்காணி முன்னே நடந்தார், அவள் பின்னே. லயத்துக்குத் திரும்பும் வளைவில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், அவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

“நீ அழாம இருந்தது நல்லதுதான். நம்ம வீரசிங்கம் உசுரோடதானே இருக்கான்” என்றார். வெற்றிலையைத் துப்பினார். “வெள்ளன எந்திரி. பதுளையில ரயிலேறிக் கொழும்புக்குப் போயி, ஒரு தடவ கண்ணால பாத்துட்டு வந்துருவோம்.”

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

இந்த அழுகைக்குத் தோஷம் இல்லை என்று தெரிந்தவரைப் போல, அவரும் தடுக்காமல் நின்றார்.